வலிமை குன்றிய வேளையில் வழிநடந்தவர்



தை மாதத்தின் நடுப்பகுதியில் லிந்துலையில் விடியற்காலை எவ்வாறு இருக்கும் என்பதை இம்மலைகளில் வாழும் நீங்கள் அறிவீர்கள். பனி விலகுவதற்கு முன்னரே கொழுந்துக்குச் செல்வோர் மலையேறத் தொடங்கிவிடுவர். அத்தகையதொரு காலைப்பொழுதில், ஜனவரி 16ஆம் நாள் புனித யோசப் வாஸ் அடிகளாரின் திருநாளுக்குச் சில தினங்கள் முன்பாக, நோயாளர்க்கு நற்கருணை வழங்குவதற்காகத் தோட்டமொன்றின் லயத்திற்குச் சென்றிருந்தேன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கொழுந்து பறித்து, பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய தாயொருவர் அங்கே பாரிசவாதத்தினால் வலது கையும் காலும் இயங்காத நிலையில் படுத்திருந்தார். பிள்ளைகள் கொழும்பில் வேலை செய்கின்றனர். பக்கத்துக் காம்பராப் பெண்ணொருவர் காலையும் மாலையும் வந்து அவருக்கு உணவூட்டிச் செல்கின்றார்.

நோயைப் பற்றி அத்தாய் அதிகம் முறையிடவில்லை. பிறர் கையால் உண்ண வேண்டியிருக்கிறதே என்பதுதான் அவரை வாட்டியது. செபமாலையைப் பிடிக்கவும் விரல்கள் ஒத்துழைக்கவில்லை, செபமும் பாதியிலே மறந்துபோகின்றது, இனித் தம்மால் ஆண்டவருக்கும் பயனில்லை, மனிதருக்கும் பயனில்லை, ஆதலால் ஆண்டவர் தம்மை ஒரு பக்கமாக ஒதுக்கி வைத்துவிட்டார் என்று அவர் கருதினார். குருவானவர் ஒருவர் வழமையாகச் சொல்லக்கூடிய ஆறுதலைச் சொன்னேன். அவரும் மரியாதையோடு கேட்டுக்கொண்டார். ஆனால் படியிறங்கி வரும்போது, என் சொற்கள் அவர் உள்ளத்தைத் தொடவில்லை என்பது எனக்கே தெளிவாகத் தெரிந்தது. அன்று அவரிடம் நான் கூறத் தவறியதையே இவ்வாரம் உங்களிடம் கூற விரும்புகின்றேன். அது யோசப் வாஸ் அடிகளாரின் வாழ்வு.

நமது ஆலயங்களில் வைக்கப்பட்டுள்ள சுரூபங்களிலும் படங்களிலும் அடிகளார் பெரும்பாலும் சிலுவையைக் கையிலேந்தி, நிமிர்ந்து நடப்பவராகவே காட்டப்படுகின்றார். அதில் தவறில்லை. என்றாலும், அப்படத்தை மட்டும் பார்த்து வளரும் பிள்ளைகள், வலிமை மிக்க ஒரு வீரர் இந்நாட்டுக்கு வந்து திருச்சபையை மீட்டெடுத்தார் என்று எண்ணிக்கொள்வர். நடந்தது அவ்வாறல்ல.

1651ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள், கோவாவின் பெனாவ்லிம் என்னும் ஊரில், தமது தாயாரின் பிறந்தகத்தில் அவர் பிறந்தார். தந்தையார் கிறிஸ்தோவாவோ வாஸ், தாயார் மரியா டி மிராண்டா. தந்தையின் ஊர் சங்கோலே. கொங்கணி மொழி பேசும் பிராமண மரபிலிருந்து கிறிஸ்தவம் தழுவிய குடும்பம் அது. போர்த்துக்கேய மொழியையும் இலத்தீனையும் இளமையிலேயே கற்றார். பின்னர் கோவா நகரில் இயேசு சபையினரின் கல்லூரியிலும், சாமிநாதர் சபையினரின் கலைக்கூடத்திலும் பயின்று, 1676இல் குருவானவராக அருட்பொழிவு பெற்றார். ஏழைகளைப் போன்று வாழ வேண்டுமென்று காலணிகளைக் களைந்துவிட்டு வெறுங்காலோடு நடக்கத் தொடங்கியதும் அக்காலத்திலேதான். அடுத்த ஆண்டு ஓகஸ்ட் 5ஆம் நாள், சங்கோலே ஆலயத்தில், தம்மைத் தேவதாயின் அடிமையாக ஒப்புக்கொடுக்கும் பத்திரமொன்றை எழுதிக் கையொப்பமிட்டார். நிலத்தையும் வீட்டையும் எழுதிக் கொடுப்பதைப் போலத் தம்மையே எழுதிக் கொடுத்தார் என்று கொள்ளலாம். பிற்காலத்தில் அவருக்கு நேர்ந்த ஒவ்வொன்றையும் இந்தப் பத்திரத்தின் ஒளியிலே பார்த்தால் பலதும் விளங்கும்.

அந்நாட்களில் இலங்கையின் நிலை என்ன? ஒல்லாந்தர் 1656இல் கொழும்பையும் 1658இல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றியிருந்தனர். கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டனர். ஆலயங்கள் ஒல்லாந்தரின் சீர்திருத்தச் சபைக்குரியனவாக்கப்பட்டன. குருக்களுக்கு அடைக்கலம் கொடுப்பது கடுந்தண்டனைக்குரிய குற்றமாயிற்று. பூசையில்லை, பாவசங்கீர்த்தனமில்லை, சாகும் தறுவாயில் அவஸ்தைப்பூசுதல் கொடுக்க ஒருவருமில்லை. வீட்டின் உட்புறத்திலே, கதவைச் சாத்திக்கொண்டு, பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்குக் கற்பித்த செபங்களே விசுவாசத்தை உயிரோடு காத்து வந்தன. இவ்வாறு ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கடந்தன. (இன்று சீர்திருத்தச் சபைச் சகோதரரும் நாமும் ஒரே மேடையில் நின்று கிறிஸ்தவ ஒன்றிப்புக்காகச் செபிக்கின்றோம். பழைய காயங்களைக் கிளறுவது என் நோக்கமன்று. வரலாற்றைச் சொல்லும்போது இதனைத் தவிர்க்க இயலாது.)

இலங்கை மக்களின் இந்நிலையைக் கேள்வியுற்ற நாள்முதல் இங்கே வர வேண்டுமென்று அடிகளார் விரும்பினார். ஆனால் அவர் விரும்பியபடி நடக்கவில்லை. 1681இல் கன்னட நாட்டுக் கரையோரத்திற்கு அவர் அனுப்பப்பட்டார். அங்கே மேலதிகாரிகளுக்கிடையில் நிலவிய பிணக்குகளின் நடுவே மூன்று ஆண்டுகள் பணியாற்றிய பின்பே கோவாவுக்குத் திரும்பினார். 1685இல் உள்நாட்டுக் குருக்கள் சிலரோடு சேர்ந்து, புனித பிலிப்பு நேரியின் ஒறட்டோரியன் ஒழுங்கைத் தழுவிய குழுமமொன்றில் இணைந்தார். அதற்குத் தலைவராகவும் தெரிவானார். மறு ஆண்டே அப்பதவியைத் துறந்து, ஜோன் என்னும் பணியாளரை உடன் அழைத்துக்கொண்டு, தெற்கு நோக்கிப் புறப்பட்டார்.

கொச்சிக்கும் கொல்லத்திற்கும் தூத்துக்குடிக்கும் செல்லும் கரையோரப் பாதையில் மாதக்கணக்காகப் பயணம் செய்து, தூத்துக்குடியிலிருந்து தோணியேறி, 1687இல் இலங்கையை அடைந்தார். குருவானவராக வந்தால் கரையிறங்கும் இடத்திலேயே கைதாவது உறுதி. ஆகவே, இடுப்பிலொரு துண்டுடன் கூலியாளாக, பிச்சைக்காரராக வேடம் பூண்டு வந்தார். இதை வாசிக்கும்போதெல்லாம் என் உள்ளம் ஒருகணம் நின்றுவிடுகின்றது. ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னர் நம் மூதாதையரும் அதே தென்னிந்தியக் கரைகளிலிருந்து தோணியேறி, மன்னார்ப் பக்கத்தில் இறங்கி, காட்டுவழியே மாத்தளையை நோக்கி நடந்தார்கள். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியிலேயே மாண்டவர்கள் எண்ணற்றவர். அவர்கள் பசியின் பொருட்டு வேறு வழியின்றி அந்தக் கோலத்தில் வந்தார்கள். பட்டம் பெற்ற ஒரு குருவானவர் அதே கோலத்தைத் தாமாகவே விரும்பி ஏற்றுக்கொண்டு வந்தார். மலையக மக்களாகிய நாம் அவரை நம்முடைய புனிதர் என்று உரிமையோடு அழைப்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை என்று எண்ணுகின்றேன்.

யாழ்ப்பாணத்தை அடைந்த அவருக்கு முதலில் நேர்ந்தது என்ன தெரியுமா? போதிக்கவில்லை. திருப்பலி நிறைவேற்றவில்லை. கத்தோலிக்கர் ஒருவரைக்கூட இன்னும் அடையாளம் காணவில்லை. வழிப்பயணத்தின் துன்பத்தினால் கடுமையான வயிற்றுளைவு நோய் அவரைப் பற்றிக்கொண்டது. எழுந்து நிற்கவும் வலுவின்றிப் போனார். ஊர் பேர் தெரியாத பிச்சைக்காரன், அதிலும் பிறருக்குத் தொற்றக்கூடிய நோயாளி. அவரை யார் வீட்டினுள் சேர்ப்பார்? ஊருக்குப் புறம்பே ஒதுக்கப்பட்டுக் கிடந்த அவருக்கு ஏழைப் பெண்ணொருவர் கஞ்சி கொண்டுவந்து கொடுத்து உயிர் காத்தார் என்று அவருடைய வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர்.

வாசகர்களே, இவ்விடத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பல ஆண்டுகள் காத்திருந்து, பதவியைத் துறந்து, நாட்டைத் துறந்து, மாதக்கணக்கில் நடந்து, ஆன்மாக்களுக்கு உணவூட்ட வந்த மனிதர் தமக்கே உணவூட்ட ஒருவர் வேண்டிய நிலையில் கிடக்கின்றார். ஆண்டவருடைய பணிக்கென்றே வந்தவனுக்கு ஆண்டவர் உடல் நலத்தையேனும் தந்திருக்கக் கூடாதா என்று நமக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியிருக்கின்றது. குருமடத்தில் அவருடைய வரலாற்றைப் படித்த நாட்களில் இப்பகுதியை நான் விரைவாகக் கடந்து சென்றேன் என்பதை ஒப்புக்கொள்கின்றேன். கண்டி அரசனின் மழைப் புதுமைக்கு விரைந்து செல்ல வேண்டுமென்ற ஆவல் அப்போது எனக்கிருந்தது. ஆயினும் பங்குகளில் பணியாற்றி, லயங்களில் நோயாளரைச் சந்தித்த பின்பு, மழையைவிட இந்தக் கஞ்சியே எனக்குப் பெரிதாகத் தெரிகின்றது.

ஏனெனில் இறைபராமரிப்பு அவரிடம் வந்த வடிவம் அதுவாகவே இருந்தது. வானதூதர் இறங்கி வரவில்லை. நோய் நொடிப்பொழுதில் நீங்கிவிடவுமில்லை. ஒரு பெண் அடுப்பு மூட்டி, அரிசி காய்ச்சி, அதனைக் கையில் எடுத்துக்கொண்டு ஊரின் எல்லை வரை நடந்து வந்தார். அடிகளார் அதனைப் பெற்றுக்கொண்டார். பெற்றுக்கொள்வதிலே ஒரு தாழ்ச்சி உண்டு. கொடுப்பவர்களாக இருக்கும்வரை நாம் நம்மைக் குறித்துச் சிறிது பெருமை கொள்ளவும் கூடும். கைகளை நீட்டிப் பெற்றுக்கொள்ளும் வேளையிலே அதற்கு இடமில்லை. தேவதாய்க்கு அடிமையென்று பத்திரம் எழுதிக் கொடுத்த அடிகளார், அப்பத்திரத்தை முழுமையாக நிறைவேற்றிய நாள் அதுவாக இருக்கலாம் என்பது என் தனிப்பட்ட எண்ணம்.

இன்னுமொன்றையும் இவ்விடத்தில் சொல்லியாக வேண்டும். இறைவனை மட்டுமே நம்புகின்றேன் என்று கூறி, வைத்தியர் கொடுத்த மாத்திரைகளை எறிந்துவிடுமாறு நோயாளரைத் தூண்டுவோர் நம் தோட்டப் பகுதிகளிலும் அவ்வப்போது வருகின்றனர். நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்திற்கும் மருந்தை நிறுத்தி, பின்னர் ஆபத்தான நிலையில் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லப்பட்டவர்களை நானே கண்டிருக்கின்றேன். விசுவாசம் என்பது மனிதரின் உதவியை மறுப்பதல்ல. அடிகளாரைவிட இறைவனை நம்பியவர் எவர்? அவர் கஞ்சியைத் தள்ளிவிடவில்லை. அது யாருடைய கையிலிருந்து வருகின்றது என்பதை அறிந்திருந்தார்.

நோய் தணிந்ததும் அவர் பிச்சையெடுத்துக்கொண்டே வீடு வீடாகச் சென்றார். கத்தோலிக்கரைக் கண்டறிய வேறு வழியில்லை. கழுத்திலே செபமாலையை அணிந்துகொண்டு, அதனைக் காண்போரின் முகங்களை அவதானித்தார். சிலர் வெறுத்தனர், சிலர் பொருட்படுத்தவில்லை. ஒரு வீட்டாரின் பார்வையில் வேறுபாடு தெரிந்தது. அவர்களும் உடனே நம்பிவிடவில்லை. ஒல்லாந்தரின் சூழ்ச்சியாக இருக்கலாமே! மெல்ல மெல்லவே வந்தவர் குருவானவர் என்பது உறுதியாயிற்று. முப்பது ஆண்டுகளுக்குப் பின்னர் நள்ளிரவில் பூட்டிய வீட்டினுள் நிறைவேற்றப்பட்ட அந்தத் திருப்பலியில் பங்குபற்றியவர்களின் உள்ளம் எவ்வாறிருந்திருக்கும் என்பதை உங்கள் சிந்தனைக்கே விட்டுவிடுகின்றேன்.

1689இல் விசுவாசத்தில் உறுதியான கத்தோலிக்கர் நிறைந்திருந்த சில்லாலைக் கிராமத்தை அவர் தமது தங்குமிடமாகக் கொண்டார். பகலில் மறைந்திருந்து இரவில் ஊர் ஊராகச் சென்றார். ஒல்லாந்தரின் தேடுதல் கடுமையானபோது, தமக்கு இடமளித்த மக்கள் தண்டிக்கப்படுவதைத் தவிர்க்கும் பொருட்டு, 1690இல் கண்டி அரசுக்குட்பட்ட புத்தளத்திற்குச் சென்றார். அங்கும் ஏறத்தாழ ஓராண்டு பணியாற்றினார். கண்டி மன்னரின் ஆதரவைப் பெற்றால் தீவு முழுவதிலுமுள்ள கத்தோலிக்கர்க்கு ஒரு பாதுகாப்புக் கிடைக்குமென்பது அவருடைய எண்ணம். 1692இல் மலையேறினார்.

நல்லதொரு திட்டந்தான். ஆனால் அவர் கண்டியை அடைவதற்கு முன்பே, அவர் போர்த்துக்கேயரின் ஒற்றர் என்று அரசவையில் செல்வாக்குப் பெற்றிருந்த பிரெஞ்சுக்காரர் ஒருவர் மன்னரிடம் கூறிவிட்டார். மன்னர் இரண்டாம் விமலதர்மசூரியன். அரசனைச் சந்திக்கச் சென்ற அடிகளார் வேறிரு கத்தோலிக்கரோடு சிறையில் அடைக்கப்பட்டார்.

இரண்டாவது முறையாகவும் அவர் வந்த காரியம் தடைப்பட்டது. யாழ்ப்பாணத்தில் நோய் அவரைக் கட்டிப்போட்டது. கண்டியில் மனிதர்கள் கட்டிப்போட்டனர். அவரை நம்பி யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் புத்தளத்திலும் ஆயிரக்கணக்கானோர் காத்திருக்க, தீவு முழுவதற்கும் இருந்த ஒரேயொரு குருவானவர் காவலில் இருந்தார். சிறையில் அவர் செய்த முதற்காரியம் சிங்கள மொழியைக் கற்றதாகும். காவலர்கள் பேசுவதைக் கேட்டும், அவர்களோடு பேசியும் கற்றார். தப்பியோட முயலமாட்டார் என்பதைக் கண்டதும் காவலைச் சற்றுத் தளர்த்தினர். அப்போது சிறையெல்லைக்குள்ளேயே ஓலைக் குடிசையொன்றை அமைத்துச் சிற்றாலயமாக்கினார். கண்டி நகரில் போர்த்துக்கேயர் காலந்தொட்டு வாழ்ந்துவந்த கத்தோலிக்கர்கள் ஒருவர் பின் ஒருவராக அங்கே வந்தனர். பின்னர் அவ்விடத்தில் தேவதாயின் பெயரால் சற்றுப் பெரிய ஆலயமும் எழுந்தது. வெளியே நடமாடும் சுதந்திரத்தோடு அவர் கண்டிக்குள் நுழைந்திருந்தால் இவ்வளவு விரைவாக ஒரே இடத்தில் வேரூன்றியிருப்பாரா என்பது ஐயமே. அதற்காகச் சிறையை நல்லதென்று நான் கூறமாட்டேன். அநீதி அநீதியே. அந்த அநீதியையும் தமக்குப் பயன்படுத்திக்கொள்ள இறைவனால் முடிந்தது என்று மட்டும் சொல்லலாம்.

மழைப் புதுமையை நீங்கள் எல்லோரும் மறைக்கல்வி வகுப்பிலே கேட்டிருப்பீர்கள். கண்டியிலே கடும் வறட்சி நிலவியது. பௌத்த பிக்குகளின் வழிபாடுகளுக்குப் பின்னரும் மழை பெய்யாத நிலையில், கிறிஸ்தவக் குருவும் மன்றாடட்டுமென்று மன்னர் கேட்டுக்கொண்டார். திறந்த வெளியிலே பீடமொன்றை எழுப்பி, சிலுவையை நாட்டி, அடிகளார் முழந்தாளிட்டுச் செபித்தார். பெருமழை பொழிந்தது, அவரும் பீடமும் மட்டும் நனையவில்லை என்று மரபு கூறுகின்றது. அதன் பின்னர் மன்னர் அவருக்குச் சுதந்திரமும் பாதுகாப்பும் வழங்கினார். இங்கே ஒன்றை மறந்துவிடக் கூடாது. கிறிஸ்தவ அரசு ஒன்று கத்தோலிக்கரை ஒடுக்கிய காலத்தில், கத்தோலிக்கக் குருவுக்கு நிழல் கொடுத்தவர் ஒரு பௌத்த மன்னர். தம் சமயத்தை அவர் கைவிடவில்லை. நமது திருச்சபை அவருக்கு நன்றிக்கடன் பட்டிருக்கின்றது.

1697இல் கோவாவிலிருந்து குருக்கள் வந்து சேர்ந்தனர். பத்து ஆண்டுகளாகத் தனித்து உழைத்தவருக்கு உடன்பணியாளர் கிடைத்தனர். அவர்களுள் ஒருவர் அடிகளாரின் உறவினரான யோசப் டி கார்வாலோ அடிகளார். கொச்சி ஆயர் தம்மை இலங்கைக்கான குருமுதல்வராக நியமித்த செய்தியும் அவர்களோடு வந்தது. பணிகளை ஒழுங்குபடுத்தலாமென்று எண்ணிய அவ்வேளையில் கண்டியிலே வைசூரி பரவியது. மன்னரும் செல்வரும் நகரைவிட்டு அகன்றனர். நோயுற்றோரை வீட்டார் காட்டில் விட்டுச் சென்றனர். மருந்தென்று சொல்லத்தக்க எதுவும் அக்காலத்தில் அந்நோய்க்கு இல்லை. தடுப்பூசி வருவதற்கு இன்னும் நூறாண்டுகள் இருந்தன. அடிகளாரும் கார்வாலோ அடிகளாரும் கைவிடப்பட்டோரைத் தேடிச் சென்று, குடிசைகள் அமைத்து, புண்களைக் கழுவி, கஞ்சி காய்ச்சி ஊட்டி, இறந்தோரை அடக்கம் செய்தனர். கத்தோலிக்கர், பௌத்தர் என்று பார்க்கவில்லை.

யாழ்ப்பாணத்தின் எல்லையிலே தமக்கு ஊட்டப்பட்டதையே அடிகளார் கண்டியில் பிறர்க்கு ஊட்டினார் என்பதைக் கவனித்தீர்களா? தொற்றுநோயாளி என்று ஒதுக்கப்படுவது எத்தகையது என்பதை அவர் நூலில் படித்து அறிந்துகொள்ளவில்லை. தாமே அவ்வாறு கிடந்து அறிந்திருந்தார்.

அதன்பின் அவருடைய பணி தீவின் பல பாகங்களுக்கும் விரிந்தது. 1705இல் மேலும் குருக்கள் வந்தனர். சிங்களத்திலும் தமிழிலும் கிறிஸ்தவ இலக்கியம் படைத்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் அவர்களுள் ஒருவர். மறைப்பணித்தளம் எட்டுப் பிரிவுகளாக வகுக்கப்பட்டது. ஆயர் நிலைக்கு அவரை உயர்த்த வேண்டுமென்ற எண்ணம் எழுந்தபோது அதனை ஏற்க மறுத்துவிட்டார். இவற்றையெல்லாம் விரிவாகச் சொல்ல இப்பத்தியில் இடம் போதாது.

ஆனால் அவருடைய இறுதிக் காலத்தைச் சொல்லாமல் விட முடியாது. வெறுங்காலோடு காடுகளிலும் சேற்றிலும் இருபத்து நான்கு ஆண்டுகள் நடந்த அவ்வுடல் தளர்ந்தது. காய்ச்சல்கள் மீண்டும் மீண்டும் வந்தன. நெடுந்தூரம் நடந்தவரால் நடக்க முடியாமற்போயிற்று. புனித பவுலடிகளார் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தில் தம் உடலில் தைத்த முள்ளைப் பற்றிப் பேசுவது உங்களுக்கு நினைவிருக்கும். அதனை நீக்கும்படி மும்முறை மன்றாடினார், முள் நீங்கவில்லை, அதனைத் தாங்கத் தேவையான அருள் கிடைத்தது. யோசப் வாஸ் அடிகளாருக்கும் அவ்வாறே நடந்தது. அவர் முழந்தாளிட்டபோது கண்டி முழுவதற்கும் மழை வந்தது என்கிறார்கள். அவர் உடலுக்கு நலம் வரவில்லை. மற்றவர்க்காகக் கேட்டதைக் கொடுத்த இறைவன் அவருக்கு அதைக் கொடுக்காததற்குக் காரணத்தை நானறியேன். அறிந்தவர் போல் பேசுவோரின் பேச்சை நோயாளரின் படுக்கையருகே நான் விரும்புவதுமில்லை. ஆனால் அந்நிலையிலும் அவர் தமது செபத்தையும் தியானத்தையும் விட்டுவிடவில்லை. தம்மைப் பராமரிக்க வந்தோரைத் தடுக்கவுமில்லை. யாழ்ப்பாணத்தில் வந்திறங்கிய நாட்களில் பெற்றுக்கொண்டதைப் போலவே கண்டியிலும் பெற்றுக்கொண்டார். 1711ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 59.

அவர் காண விரும்பிய பலவற்றை அவர் காணவில்லை. ஒல்லாந்தரின் ஆட்சி அவர் இறந்த பின்னரும் எண்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. கத்தோலிக்கர் மீதான தடைகள் அவர் காலத்தில் நீங்கவில்லை. கண்டியில் அவர் கட்டிய ஆலயமும் பிற்காலத்தில் அழிக்கப்பட்டது. அதனோடு அவருடைய கல்லறை இருந்த இடமும் மறைந்துபோயிற்று. கண்டி நகர வீதிகளில் நடக்கும்போது, எந்தக் கட்டடத்தின் கீழே, எந்தக் கடையின் பின்னே அவருடைய எலும்புகள் இருக்குமோ என்று குருமட மாணவராக இருந்த நாங்கள் பேசிக்கொள்வதுண்டு.

1995ஆம் ஆண்டு ஜனவரி 21ஆம் நாள், திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் காலிமுகத்திடலில் அவரை முத்திப்பேறுபெற்றோர் வரிசையில் சேர்த்தார். அதே திடலில் 2015ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள், திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். வழமையாகக் கேட்கப்படும் இரண்டாவது புதுமையை அவர் கேட்கவில்லை. இலங்கைக்கு முதற் புனிதர் கிடைத்த அந்நாளில் மலையகத்திலிருந்தும் மக்கள் இரவோடிரவாக பஸ்ஸேறிச் சென்று, இருட்டிலே திடலில் அமர்ந்து விடியலுக்காகக் காத்திருந்தனர்.

அடுத்த வாரம் நற்கருணையோடு மீண்டும் அந்த லயத்திற்குச் சென்றேன். இம்முறை அறிவுரை எதுவும் கூறவில்லை. யாழ்ப்பாணத்தின் எல்லையில் நோயோடு கிடந்த ஏழைக் குருவின் கதையை மட்டும் மெதுவாகச் சொன்னேன். சிறையும் மழையும் வரும் வரை நான் சொல்லவில்லை, கஞ்சியோடு நிறுத்திக்கொண்டேன். அத்தாய் நெடுநேரம் கூரைத்தகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர், கஞ்சி கொண்டுவந்த அந்தப் பெண்ணின் பெயர் என்னவென்று கேட்டார். வரலாற்றில் அவருடைய பெயர் இல்லை என்றேன். அவ்வேளையில் பக்கத்துக் காம்பராப் பெண் காலை உணவோடு வாசலில் வந்து நின்றார். அத்தாய் தமது இடக்கையை உயர்த்தி அவரை உள்ளே வரும்படி அழைத்தார். என் பக்கம் திரும்பி, அவருடைய பெயரை எனக்குச் சொன்னார்.